சுண்ணாம்பு படாத ஏழுமாடி

கதிர்காமக் கந்தன் காப்பு

ஏழுமாடி, ஐந்தாம் தட்டு,
பதுளை.
மாசி, செவ்வாய்க்கிழமை

என் மகள் யசோதினிக்கு அம்மா எழுதுவது. இங்கே என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை, விடியற்காலம் விளக்குத் திரியைத் தூண்டும்போது உன் பெயரைச் சொல்லித்தான் தூண்டுகிறேன், கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் நீ பார்த்துக்கொள்ளும் அந்தக் கிழவியம்மாவும் சுகமாக இருக்க வேலவன் பார்த்துக்கொள்வான். போனில்தான் நாளாந்தம் முகம் பார்க்கிறோமே, எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனில் பேச முடியாத சங்கதி, அதனால்தான். நல்லம்மாவும் அவள் மகன் ஜீவனும் இப்போதும் உன் அறையில்தான் இருக்கிறார்கள், நான் போனைக் கையில் எடுத்தால் அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம்கூட நின்றுவிடுகிறது. மூன்றாம் தட்டுப் பிள்ளை ஒன்று சைப்ரசுக்கே வேலைக்கு வருகிறது, வியாழக்கிழமை பயணம், அது கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பங்குனி முடிய நீ இன்னும் இரண்டு வருச வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றாயே, அதற்கு முன்னால் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். சங்கதி இதுதான். நல்லம்மா உன்னை ஜீவனுக்குக் கேட்டிருக்கிறாள். ஆமாம், அதே நல்லம்மாதான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், இடையில் மடித்து வைக்காமல் கடைசிவரைக்கும் படி.

அப்பாவுக்கு ஆடியில் முதல் தெவசம் வருகிறது, ஐயரிடம் திதி கேட்டு வைத்திருக்கிறேன். அவர் போன நாளில் இருந்து நான் ஒரு வேலையும் விடவில்லை. கூட்டுகிறேன், துவைக்கிறேன், செவ்வாய் வெள்ளிக்குக் கோயிலுக்குப் போகிறேன், இரவு படுக்குமுன் செலவை எழுதி வைக்கிறேன். ஆனால் எதுவும் எனக்கு நடக்கிற மாதிரி இல்லை, பக்கத்து வீட்டில் யாரோ செய்கிற மாதிரி இருக்கிறது. தேத்தண்ணி சுடுகிறது என்று தெரிகிறது, நாக்குச் சுட்ட பிறகும் ஊதிக் குடிக்கத் தோன்றுவதில்லை. அழுகையும் வரவில்லை. புருசன் செத்தும் கண்ணில் தண்ணி வராத பொம்பளை என்று மேல்தட்டில் பேசிக்கொண்டார்களாம், எதிர்வீட்டு ஸகீனா வந்து சொன்னாள், சொல்லிவிட்டு அவளே அழுதாள். நான் அவளுக்கு முந்தானையைக் கொடுத்தேன். இதை எல்லாம் உன்னைக் கவலைப்படுத்த எழுதவில்லை, கீழே எழுதப்போகிறதை நான் ஏன் இப்படி எழுதுகிறேன் என்று நீ நினைக்கக்கூடாது, அதற்காகத்தான்.

நமது மாடியின் கதை உனக்குத் தெரிந்ததுதான். என்றாலும் நீ பிறக்கும் முன்னால் இருந்து எடுத்தால்தான் நல்லம்மா செய்த காரியம் விளங்கும். நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில் வருசத்துக்கு ஒரு தரம் பொங்கலுக்கு முன்னால் லயத்து வீட்டு வரிசைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். எந்தக் காம்பரா வீட்டிலாவது எழவு விழுந்திருந்தால் அந்த ஒரு சுவரை மட்டும் அப்படியே விட்டுவிட்டு இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு போவார்கள். எதிர் மலையில் கொழுந்து எடுக்கும்போதே தெரியும், வெள்ளை வரிசைக்கு நடுவில் அழுக்காக ஒரு சதுரம், அந்த வீட்டில் ஆள் போயிருக்கிறது என்று. அப்படிப் பார்த்துப் பழகின சனத்துக்கு, அடியில் இருந்து நுனிவரைக்கும் ஒரு கை சுண்ணாம்புகூடப் படாத ஏழு தட்டு எப்படி இருந்திருக்கும். பலகை அடித்து கொங்கிரீட் ஊற்றி, பலகையைக் கழற்றினது கழற்றினபடி விட்டுவிட்டார்கள். பலகையின் ரேகை, மரத்தின் கண், ஆணி இருந்த குழி எல்லாம் சுவரில் அப்படியே இருந்தது. நான் கல்யாணமாகி இந்த ஐந்தாம் தட்டுக்கு வந்த அன்றைக்கு சீர்ச்சாமானோடு வந்த உன் பெரியமாமா சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, மச்சான் எப்ப பூசுறாங்க என்று கேட்டார். அடுத்த மாசம் மச்சான் என்றார் உன் அப்பா. அவரும் அப்படித்தான் நம்பியிருந்தார். கட்டினவன் பூசுகிற காசைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிட்டான் என்று ஒரு பேச்சு, ஆட்சியில் ஆள் மாறி வந்ததும் பூசுவார்கள் என்று ஒரு பேச்சு. நாமே அடித்துவிடலாம் என்றால் அதற்கும் பயம், நாம் கை வைத்தால் இவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று அரசாங்கம் விட்டுவிடுமாம். அதனால் எழுபது வீட்டில் ஒரு வீடும் சுவரில் தூரிகை வைக்கவில்லை. பால் காய்ச்சிக் குடி போகவும் இல்லை. முடியாத வீட்டுக்கு எப்படிப் பால் காய்ச்சுவது, பூசி முடியட்டும் என்று எல்லோரும் தள்ளிவைத்தோம். தள்ளிவைத்ததில் பிள்ளைகள் பெரிதாகிவிட்டன.

சுற்றுத் தோட்டத்துச் சனம் வைத்த பெயரை நான் எழுத வேண்டியதில்லை. எழவு மாடி. ஓட்டோக்காரர்கள்கூட, எழவு மாடிக்கா, அப்ப கீழ ரோட்டுலயே எறங்கிக்குங்கக்கா, வண்டிக்குத் தீட்டு என்று சிரிப்பார்கள். நீ படிக்கிற காலத்தில் நமது பஸ் ஹோல்டில் இறங்காமல் ஒரு ஹோல்ட் முன்னாலேயே இறங்கி நடந்து வருவாய். பஸ்ஸில் நெரிசல் என்று சொல்வாய். எனக்குத் தெரியும், நான் கேட்டதில்லை.

பிறகு அந்தப் பெண் பார்க்க வந்த நாள். நீயும் ஜீவனும் டியூசனில் பழகின பிள்ளைகள், இரண்டு பக்கமும் பிடித்துப் போயிற்று, சாதியிலும் தோட்டத்திலும் இடைஞ்சல் இல்லை, தாம்பூலத் தட்டு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி என்று இருந்தோம். நல்லம்மா ஐந்து தட்டும் ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு வாசல் சுவரில் உள்ளங்கையை ஊன்றினாள். ஊன்றின கையை உடனே எடுத்துப் புடவையில் துடைத்தாள். வைத்த தேத்தண்ணியைத் தொடவில்லை. நடையில் நின்றுகொண்டு மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள், சுடுகாட்டு மேடையில கை வச்ச மாதிரி ஜில்லுன்னு இருக்கு, வருசம் முழுக்க எழவு கொண்டாடுற வீட்டுல பொண்ணு எடுத்தா அந்த எழவு எங்க வீட்டுக்கும் நடந்து வரும். ஸகீனாதான் கதவைத் திறந்து தலையை நீட்டி, பாத்து எறங்குங்க, படியும் பூசாததுதான், எழவு காலுல ஒட்டிக்கப் போவுது என்றாள். ஜீவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தாயின் பின்னால் இறங்கிப் போனான். ஒரு சொல் பேசவில்லை. அதுதான் உனக்கு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த வருசமே நீ விமானம் ஏறினாய்.

அதன் பிறகு மாடியின் பெயர் மாறின விதம் உனக்குத் துண்டுதுண்டாகத்தான் தெரியும். அப்பா நடமாட்டமாக இருந்தபோது கொழும்பில் இருந்து கட்டடம் படிக்கிற பிள்ளைகள் ஒரு வான் நிறைய வந்தார்கள். றின்ஸா என்று ஒரு பெட்டை, முக்காடு போட்ட பிள்ளை, நமது வாசல் சுவரில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. தலை சுற்றுகிறதோ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடினேன். அது சொன்னது, ஆன்ட்டி, இது பூசாம விட்ட வீடு இல்ல, பூசக்கூடாதுன்னே கட்டின வீடு, இதுதான் முடிஞ்ச வீடு, இந்த மாதிரி வெளிநாட்டுல கட்டினத எல்லாம் இப்ப ஆக்கள் தேடித்தேடிப் போய்ப் பாக்குறாங்க. உன் அப்பா நாற்காலியில் இருந்தபடி, அப்ப நான் இத்தன வருசமும் மச்சானுக்குப் பொய் சொல்லிட்டேனே என்றார். ஸகீனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பூசுறவன் வருவான் வருவான்னு கெழவியா போய்ட்டோம், இப்ப வரலங்குறதுக்குத்தான் மருவாதையாம் என்றாள். அந்தப் பிள்ளைகள் எடுத்த படம் போனில் சுற்றி, பக்கத்து எல்ல ஊருக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் ஒன்றிரண்டு பேர் இங்கேயும் ஏறத் தொடங்கினார்கள். மாடிச் சங்கத்துச் செயலாளர் சின்னராசா உடனே ஒரு பலகை எழுதி மாட்டிவிட்டார், சுவரில் வர்ணமோ சுண்ணாம்போ பூசுவது தடை என்று. முன்னால் பூசவில்லையே என்று மனு எழுதிக் கொடுத்தவரும் அவர்தான்.

ஆனால் பெயரை முழுசாக மாற்றினது படம் இல்லை, கார்த்திகை மழைதான். அந்த இரவைப் பற்றி உனக்குச் சொல்லிவிட்டேன், போனவர்களின் பெயரையும் சொல்லிவிட்டேன், மறுபடி எழுதக் கை வரவில்லை. மலை சரிந்து இறங்கினபோது நமது மாடி பாறைமேல் நின்றது, ஒரு கண்ணாடி உடையவில்லை. விடிய முன்னால் சனம் மூட்டையும் பிள்ளையுமாகப் படியேறி வந்தது. எழவு மாடி என்றவர்கள்தான் அத்தனை பேரும். நடையில், மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் எல்லாம் படுத்தார்கள். ஜீவன் வெளிநாட்டுக் காசு இல்லாமல் ஸ்கூல் வான் ஓட்டியே கட்டின அந்த ரோஸ் நிற வீடு, டைல்ஸ் பதித்து வருசா வருசம் பெயின்ட் அடிப்பாளே நல்லம்மா, அது இருந்த இடத்தில் இப்போது சேறும் ஒரு பலா மரமும்தான். வான் ரோட்டில் நின்றதால் தப்பியது. அவள் நனைந்த துணியோடு நமது வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவா என்று கேட்கவில்லை. நான் வழிவிட்டேன். அன்றைக்கும் எனக்குக் கோபம் வரவில்லை, இரக்கமும் வரவில்லை. உன் அறையில் பாயை விரித்தேன். இப்போது டவுன் கடையில் சாமான் வாங்கப் போனால், அக்கா ஏழுமாடியா, அங்க வீடு ஏதும் விக்கிறாங்களா என்று கேட்கிறார்கள். ஓட்டோக்காரன் வாசல்வரை வந்து இறக்கிவிடுகிறான். கோட்டை மாடி என்று ஒருவன் சொன்னான். நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால்.

இனி போன வெள்ளிக்கிழமை நடந்தது. நான் கோயிலுக்குப் போய்ப் பூசை முடிந்து, ஒரு எட்டு மார்க்கட்டுக்கும் போய் வந்தேன். ஐந்தாம் தட்டு நடையில் திரும்பினால் நமது வாசல் வெள்ளையாக இருக்கிறது. கதவுக்கு இரண்டு பக்கமும், மேலே, எட்டின உயரம் மட்டும். வெள்ளையாக இருக்கிறது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. நல்லம்மா வாளியும் தென்னந்தும்புத் தூரிகையுமாக, முழங்கைவரை சுண்ணாம்பாக நிற்கிறாள். ஸ்டூலில் ஏறி இறங்கி, அந்த வயசில் ஒற்றை ஆளாக அடித்திருக்கிறாள். கஞ்சி கலந்து காய்ச்சின சுண்ணாம்பு, தோட்டத்துச் சுண்ணாம்பு. என்னைக் கண்டதும், மதினி என்றாள். வந்த நாளில் இருந்து என்னை முறை சொல்லிக் கூப்பிடாதவள். மதினி, அன்னிக்கு இந்தச் சுவத்த நான் எழவுன்னு சொன்னேன், அந்த வாய நானே சுண்ணாம்பால கழுவிட்டேன், வெள்ளை அடிச்ச வாசல்ல நின்னு கேக்குறேன், யசோவ எங்க ஜீவனுக்குக் குடுங்க என்று கையைக் கூப்பினாள். சுண்ணாம்பு சொட்டியது.

அவள் மனதில் கெட்டது இல்லை, யசோ. சுண்ணாம்பு அடிக்காத வீட்டில் நல்ல பேச்சு எடுக்கக்கூடாது என்று அடித்திருக்கிறாள். ஆனால் உன் அப்பா போய் இன்னும் வருசம் திரும்பவில்லை. இந்த ஒரு வருசம்தான் அந்தச் சுவர் பூசாமல் இருப்பதற்கு நமக்கென்று ஒரு காரணம் இருந்தது. இத்தனை வருசமும் ஊர் பொய்யாகச் சொன்ன எழவு இந்த வருசம் மெய்யாக இருந்தது. தைப்பொங்கலுக்குப் பானை வைக்காத வீட்டுக்கு அவள் வெள்ளை அடித்துவிட்டாள். அவளுக்கு அது ஞாபகமே இல்லை. சுவர் எப்போதும் ஒரே மாதிரி இருந்ததால், ஆள் போனது சுவரில் தெரியவில்லை. நான் சாமான் பையைக் கீழே வைத்துவிட்டு, அவர் போய் வருசம் ஆகலயே என்று மட்டும் சொன்னேன். நல்லம்மா முதலில் விளங்காமல் பார்த்தாள். விளங்கினதும் அப்படியே நடையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள், தலைமுடி எல்லாம் சுண்ணாம்பு. ஸகீனா ஓடி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கி, அக்கா கத்துங்க, ஏசுங்க, ஒண்ணும் முடியாட்டி அந்த வாளிய எட்டி ஒதைங்க, இப்படி நிக்காதீங்க என்றாள். நான் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன், யாரும் இடறி விழக்கூடாதே. பிறகு சின்னராசா மேலே வந்து, பாரம்பரியச் சுவர், சங்கத்து ஒழுங்கு, வெள்ளைக்காரன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது என்று குதித்தார். ஸகீனா அவரைப் பார்த்து, மாடிக்கும் வயசாச்சு, நரைச்சுப் போச்சுன்னு சொல்லுங்க தம்பி என்றாள். அவர் இறங்கிப் போய்விட்டார்.

ஜீவன் பின்னேரம் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்தவன் சுவரைப் பார்த்தான், தாயைப் பார்த்தான், கம்பித் தூரிகையும் தண்ணீரும் எடுத்துத் தேய்க்கத் தொடங்கினான். மேற்பூச்சு கழன்று வந்துவிட்டது, பலகை ரேகைக்குள் போனது வரவில்லை. இப்போது நமது வாசல் சுவரில் மட்டும் ரேகை ரேகையாக வெள்ளை நிற்கிறது. தேய்த்து முடித்துக் கை கழுவிவிட்டு என்னிடம் வந்து நின்றான். அத்தை, அம்மா கேட்டத யசோவுக்கு எழுதிறாதீங்க, உங்க சோத்தத் தின்னுக்கிட்டு கேக்குற கேள்வி இல்ல இது, எங்களுக்கு அரசாங்கத்துல எங்கயாவது ஒரு காணித்துண்டு குடுத்து நாங்க வெளியில போன பொறகு நானே அவகிட்ட கேக்குறேன், அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிறேன் என்றான். அவன் இத்தனை காலம் கல்யாணம் கட்டாமல் இருந்தது உனக்காகத்தான் என்று நான் எழுத மாட்டேன், எனக்குத் தெரியாது, வீடு கட்டுவதிலேயே அவன் வயசு போய்விட்டது. அன்றைக்குப் படியிறங்கும்போது பேசாதவன் இன்றைக்குப் பேசினான், அவ்வளவுதான் நான் கண்டது.

அவன் எழுத வேண்டாம் என்றான், நான் எழுதுகிறேன். காணித்துண்டு எப்போது கிடைக்கும் என்று அரசாங்கத்துக்கே தெரியாது. நீ அதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவாய், பிறகு தெரிய வந்தால், அம்மா தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்று நீ நினைப்பாய். துக்க வருசத்தில் கல்யாணப் பேச்சு வாயில் எடுக்கக்கூடாது. நான் ஒரு விரதமும் ஒரு முறையும் தவறாத பொம்பளை என்று உனக்குத் தெரியும். நல்லம்மா தெரியாமல் செய்தாள், நான் தெரிந்தே செய்கிறேன். ஐயரிடம் கேட்கவில்லை, கேட்டால் கூடாது என்பார். கந்தனிடம் சொல்லிவிட்டேன்.

நல்லம்மாவிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வீடு வேறு, பெண் வேறு. இடம் கிடைக்கிறவரை நீங்கள் இந்த வீட்டில் இருக்கலாம், யசோ வேண்டாம் என்று சொன்னாலும் இருக்கலாம், அதற்கு அடுத்த நாளும் உங்களுக்குச் சேர்த்துத்தான் உலை வைப்பேன். அவள் அழுதாள், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆகையால் அவர்களுக்குக் கூரை இல்லையே என்று இரங்கிச் சம்மதிக்காதே. அன்றைக்கு அவமானப்படுத்தினவர்கள் நம் வாசலில் வந்து கேட்டுவிட்டார்கள் என்ற திருப்திக்காகவும் சம்மதிக்காதே, அந்தத் திருப்தி வருமா என்று நானும் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. மாடிக்குப் பெயர் நல்லதாகிவிட்டது என்பதும் ஒரு காரணம் இல்லை. பெயர் கெட்டிருந்தபோதும் இதே சுவர்தான், உன்னை வளர்த்ததும் இதற்குள்தான். எனக்காகவும் வராதே. அம்மா தனியாக இருக்கிறாள் என்று அங்கே அந்தக் கிழவியம்மாவைத் தூக்கி உட்காரவைக்கும்போது நினைத்துக்கொண்டிருக்காதே. உனக்கு அவன் முகம் இன்னும் வேண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள். வேண்டியிருக்கிறது என்றால் பேனாவைக் கீழே வை. இல்லை என்றால் கையெழுத்துப் போடு, மறுபடி இந்தப் பேச்சை யாரும் எடுக்காமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிர் விடுகிறவரை காதை மூடிக்கொண்டு வெளியே போ, இரவில் ஈரத்தலையோடு படுக்காதே, வெள்ளிக்கிழமை ஒரு வேளையாவது மரக்கறி சாப்பிடு. திருநீறு சின்னப் பையில் வைத்திருக்கிறேன், கிழவியம்மாவுக்கும் பூசிவிடு, அவர்கள் சாமி கோபிக்காது. பதிலைக் காகிதத்தில் எழுதினால் நாள் போய்விடும். போனிலேயே சொல். அவர்கள் பக்கத்து அறையில் இருந்தாலும் பரவாயில்லை, ஆம் என்றாலும் வேண்டாம் என்றாலும் சத்தமாகவே சொல், இந்த விசயத்தில் இனி யாரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம். நான் வா என்றும் எழுதவில்லை, வராதே என்றும் எழுதவில்லை. நேற்றுக் காலை, நீ பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் எனக்கு எப்படி இருக்கும் என்று அடுப்படியில் நின்று நினைத்துப் பார்த்தேன், நெஞ்சில் ஒன்றும் அசையவில்லை. மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்த பிறகு பானையில் ஒரு ஆளுக்குச் சோறு மிச்சம் இருந்தது. எப்போது ஒரு சுண்டு அரிசி கூடப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்குமேல் வேலும் மயிலும் நிற்கட்டும், தீர்க்காயுசாக இரு மகளே.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
அ. விஜயலெட்சுமி